நாலு சங்கு வாழைத்தண்டுச் சாறு

என் புள்ளைக்கு ரெண்டு கிட்னியும் வீங்கியிருக்குன்னு ஸ்கேன் டாக்டரு சொன்னப்போ, எனக்குத் தெரிஞ்ச வீக்கமெல்லாம் கால் வீக்கமும் கன்ன வீக்கமும்தான். உள்ள கீற ஒண்ணு எப்டி வீங்கும், வீங்குனா இன்னா ஆவும், ஒண்ணும் தெரியாது. இப்போ தெரியும். தெரியாம இருந்தப்போ நான் பண்ணின கூத்தையும் சேத்துத்தான் எழுதப் போறேன். "அதெல்லாம் எதுக்குடி எழுதுற, படிக்கிறவங்க காறித் துப்புவாங்க"ன்னு என் வூட்டுக்காரரு சொல்றாரு. துப்பட்டும். துப்பறவங்க வூட்லயும் ஒரு கைக்குழந்தை இருந்தா அதுக்காவது உபயோகப்படும்.

என் பேரு ரேவதி. மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல கடலோரமா ஒரு ரிசார்ட்ல ரூம் சுத்தம் பண்ற பொம்பளைங்களுக்கு சூப்பர்வைசர். வூட்டுக்காரரு மூர்த்தி அங்கயே பிளம்பர். ரூம்ல தண்ணி எறங்கலன்னு நான் கத்துவேன், அவரு ஸ்பேனர எடுத்துகினு ஆடி அசைஞ்சு வருவாரு. அப்டி கத்திக் கத்தியே கல்யாணம் ஆயிடுச்சு. கல்யாணமாகி நாலு வருஷம் கழிச்சுத்தான் வயித்துல தங்குச்சு.

ஏழாம் மாச ஸ்கேன்ல அந்த டாக்டரு ரொம்ப நேரம் ஒரே எடத்துல கருவிய வெச்சு அமுக்கிகினு இருந்தாரு. அப்புறம் சொன்னாரு. "கொழந்தையோட ரெண்டு கிட்னிலயும் தண்ணி கோத்திருக்கும்மா. மூத்திரப் பையும் பெருசா தெரியுது. சில கொழந்தைக்குத் தானா சரியாயிடும், சிலதுக்கு ஆவாது. பொறந்த ஒரு வாரத்துக்குள்ள கட்டாயம் ஒரு ஸ்கேன் எடுத்துடணும்." ஃபைல்ல எழுதி அடியில ரெண்டு கோடு போட்டாரு. அந்த ரெண்டு கோட்ட நான் எத்தினி தடவ தடவிப் பாத்திருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல.

புள்ள பொறந்தான். சுகப் பிரசவம், நல்ல எடை. துணி நனைஞ்சுகினுதான் இருந்துச்சு. டிஸ்சார்ஜ் பண்றப்போ சிஸ்டர் ஃபைலப் பாத்துட்டு, "ஏழாம் நாள் ஸ்கேனுக்குத் தூக்கினு வந்துடு, மறந்துடாத"ன்னாங்க. சரி சிஸ்டர்னு பெருசா தலையாட்டினேன்.

போவல. என் நாத்தனாரு விஜயாக்கா மதுராந்தகத்துலருந்து என்னப் பாத்துக்க வந்திருந்தாங்க. ராத்திரி பகல்னு பாக்காம எனக்கு வெந்நி வெச்சு ஊத்துனது அவங்கதான், அதச் சொல்லாம விட்டா என் நாக்கு அழுகிடும். "பச்ச ஒடம்புக்காரி நீ, அது பச்ச மண்ணு. முப்பதாம் நாள் புண்ணியாதானம் முடிஞ்சு, பேரு வெச்சு வெளிய தூக்கலாம். நடுவுல எங்கயும் எடுக்கக் கூடாது"ன்னாங்க. நான் ஒரு வார்த்த எதுத்துப் பேசல. ரிசார்ட்ல மேனேஜரையே எதுத்துப் பேசறவ நான். ஏன் பேசலன்னா, ஸ்கேன் எடுத்தா ஏதாவது சொல்லிடுவாங்களோன்னு எனக்கு உள்ளுக்குள்ள பயம். எடுக்காம இருந்தா ஒண்ணும் இல்லன்னு ஆயிடும்னு ஒரு நெனப்பு. அக்கா மேல பாரத்தப் போட்டுட்டு அவங்க பேச்சுக்குப் பின்னால ஒளிஞ்சுகினேன்.

ஆனா கிட்னில தண்ணின்னு கேட்டப்புறம் எதுவும் செய்யாம இருந்தா மனசு கேக்குமா? விஜயாக்கா வூட்டுக்காரருக்கு முன்னாடி கிட்னில கல்லு இருந்து, வாழைத்தண்டுச் சாறு குடிச்சே கரைஞ்சு போச்சு. "கிட்னின்னா வாழைத்தண்டு. இதுக்கு மேல வைத்தியம் உலகத்துலயே கெடையாது"ன்னாங்க. இங்க யாரக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க, டீக்கடையில கேட்டாக்கூட. மொதல்ல நான் குடிச்சேன், பால் வழியா புள்ளைக்குப் போவட்டும்னு. பதினெட்டாம் நாளுலருந்து நேராவே குடுத்துட்டேன். நாரெல்லாம் எடுத்து, அரைச்சு, வெள்ளத் துணியில ரெண்டு தடவ வடிகட்டி, லேசா சூடு பண்ணி, காலைல ஒரு சங்கு, சாயந்தரம் ஒரு சங்கு. மூஞ்ச சுளிச்சான், அப்புறம் முழுங்கிட்டான். எவ்ளோ சுத்தமா செஞ்சேன் தெரியுமா? அத நெனச்சாத்தான் இப்போ வயிறு எரியுது.

இன்னொண்ணும் சொல்லணும். எந்த ஆம்பளப் புள்ளையும் தூக்குனவங்க மேல பீச்சி அடிக்கும். அடிச்சா "ஐயய்யோ, பன்னீரு தெளிச்சுட்டான்"னு சிரிச்சுகினே சேலைய ஒதறுவாங்க. என் புள்ள யாரு மேலயும் போனதே இல்ல. துணி மட்டும் எப்பவும் ஈரமா, சொதசொதன்னு இருக்கும். பாக்க வந்தவங்ககிட்டல்லாம் "எம் புள்ள சமத்து, ஒருத்தர் மேல ஒரு சொட்டு போவமாட்டான்"னு பெரும அடிச்சுகினேன். வந்த அத்தினி பேரும் பெத்து வளத்தவங்கதான். ஒருத்தருக்கும் தோணல.

இருபத்திமூணாம் நாள் காலைல சாறு குடுத்தேன், கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்தான். அப்புறம் பால் குடிக்கல. அழுவறதுக்கு வாயத் தொறக்கறான், சத்தம் வரல. ஒடம்பு அனலா கொதிக்குது, காலு மட்டும் ஜில்லுன்னு கீது. "தூக்குன எடத்துல சுளுக்கி ஒரம் வுழுந்திருக்கும், நீவி எடுத்துட்டா சரியாயிடும்"னு அக்கா சொன்னாங்க. அப்போ மூர்த்தி சாப்பாட்டுக்கு வந்தாரு. புள்ளையத் தூக்குனவரு அடிவயித்துல கை வெச்சாரு. மூஞ்சி மாறிடுச்சு.

"இன்னாடி இது? தொப்புளுக்குக் கீழ கல்லு மாதிரி கீது?"

"காலைலருந்து இப்டித்தான் கீறான்."

"காலைலருந்தா? இத்த வெச்சுகினு வூட்ல ஒக்காந்துகினு கீற? ஏந்திரு!"

சாப்பாட்டுத் தட்டு அப்டியே கீது, தெருவுல நின்ன ஆட்டோவ கூப்பிட்டு ஏறிட்டோம். திருக்கழுக்குன்றம் வழியா செங்கல்பட்டு. அந்த வழியில எத்தினி வேகத்தடைன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணுலயும் வண்டி ஏறி எறங்கறப்போ புள்ளையோட உள்ளங்காலக் கிள்ளுவேன். லேசா காலு இழுப்பான், உசுரு கீதுன்னு அடுத்த வேகத்தடை வரைக்கும் இருப்பேன். ஒரு எடத்துல கிள்ளினேன், இழுக்கல. இன்னும் பலமா கிள்ளினேன். மொனகினான். அந்த நிமிஷத்துல நான் வேண்டாத சாமி இல்ல. எங்க தெருக்கோடி சர்ச்சு மாதாவையும் விடல.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில புள்ளையக் கையில வாங்குனது ஒரு லேடி டாக்டரு. கொழந்தைங்களுக்கு ஆபரேஷன் பண்ற டாக்டராம், என்னவிட வயசு கம்மியாத்தான் இருக்கும். பேரு போட இன்னும் ஒரு வாரம் இருந்ததால கையில கட்டுன பட்டையில 'ரேவதி குழந்தை'ன்னுதான் எழுதினாங்க. டாக்டரம்மா வயித்த அமுக்கிப் பாத்துட்டு, எழுதிகினே கேக்கறாங்க.

"யூரின் எப்டிப் போறான்? தாரையா தூரமா அடிக்குதா, சொட்டு சொட்டா போகுதா?"

"அவன் யாரு மேலயும் போனதே இல்ல மேடம். சமத்து."

எழுதிகினு இருந்த பேனா நின்னுச்சு. நிமிந்து பாத்தாங்க. "இருபத்திமூணு நாள்ல ஒரு தடவகூட இல்லையா?"

"இல்ல மேடம்."

"சரி. தாய்ப்பால் தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா? தண்ணி, கஷாயம், நாட்டு மருந்து?"

"இல்ல மேடம். தாய்ப்பால் மட்டும்தான்."

பொய் எப்டி அவ்ளோ சுளுவா வந்துச்சுன்னு இன்னிக்கும் எனக்குப் புரியல. பக்கத்துப் பெட்ல ஒரு அம்மா வசம்பு உரசிக் குடுத்தேன்னு சொல்லி அப்பத்தான் சிஸ்டர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிகினு இருந்தாங்க. பின்னாலயே விஜயாக்கா நிக்கறாங்க. சாறுதானே, மருந்தா, விஷமான்னு மனசு சொல்லுச்சு. வாயும் மூடிகிச்சு.

மெல்லிசா ஒரு டியூப மூத்திரம் போற வழியா உள்ள வுட்டாங்க. கலங்கலா, நாத்தமா கொட்டுச்சு பாருங்க, டியூப்ல மாட்டுன பையே ரொம்பிடும் போலருக்கு. இத்தினூண்டு ஒடம்புல இவ்ளோவான்னு நான் வாயப் பொளந்துகினு நிக்கறேன். கல்லு மாதிரி இருந்த வயிறு கண்ணு முன்னாடி எறங்குச்சு. டாக்டரம்மா ஒரு பேப்பர்ல படம் போட்டுச் சொன்னாங்க. மேல ரெண்டு கிட்னி, அதுலருந்து ரெண்டு குழாய், கீழ மூத்திரப் பை, அதுலருந்து வெளிய வர்ற வழி. அந்த வழியில சவ்வு மாதிரி ஒரு தடுப்பு. வால்வுன்னு சொல்றாங்க. ஆம்பளப் புள்ளைங்களுக்கு மட்டும் சிலருக்கு அம்மா வயித்துலயே உண்டாயிடுமாம். வெளிய போவ முடியாத மூத்திரம் பையில தேங்கி, அங்கருந்து மேல ஏறி, கிட்னி வீங்கிடும். அதுல கிருமியும் சேந்து ரத்தத்துல கலந்திருக்குன்னாங்க.

நான் படத்தப் பாத்துகினே இருந்தேன். மூர்த்தி படத்தப் பாக்கல. செவுத்துப் பக்கம் திரும்பிகினாரு. குழாய் அடைச்சா பின்னால இருக்கற லைனு இன்னா பாடு படும்னு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. "எவ்ளோ நாளு தாங்கும்?"னு நான் அவரக் கேட்டேன், டாக்டரக் கேக்கல. கல்யாணமாகி அந்த ஆளு அழுது நான் பாத்தது அன்னிக்குத்தான்.

ஒரு மணி நேரத்துல ரத்த ரிப்போர்ட்டு வந்துச்சு. கிரியேட்டினின்னு ஒண்ணு, கிட்னி வடிகட்டி வெளிய தள்ளாம ரத்தத்துலயே தங்கிப் போற கழிவோட அளவு. அது எகிறிக் கெடந்துச்சு. பொட்டாசியம்னு இன்னொண்ணு. அது ஒரு உப்பு, எல்லார் ஒடம்புலயும் கீறதுதான், ஆனா அளவு மீறினா இதயத் துடிப்பே நின்னுடும். அதுவும் எகிறியிருந்துச்சு. புள்ள நெஞ்சுல ஒயருங்கள ஒட்டுனாங்க. திரையில ஓடற கோடு தப்பா கீதுன்னு சிஸ்டர் மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சு. ஊசி மேல ஊசி.

டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. "டியூப்ல யூரின் நல்லா வந்தும் பொட்டாசியம் எறங்க மாட்டேங்குது. அப்டீன்னா ரெண்டு கிட்னியுமே ரொம்ப அடி வாங்கியிருக்கும்னு நெனைக்கறேன். டயாலிசிஸ் தேவைப்படலாம். இவ்ளோ சின்னக் கொழந்தைக்கு அத இங்க செய்யறதவிட சென்னைக்கு அனுப்பறதுதான் சரி. ஆனா இந்த நெலமையில ஆம்புலன்ஸ்ல அனுப்பறதே ஆபத்து. வழியிலயே எதுவும் நடக்கலாம். கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்." சொல்லிட்டு போன் பண்றதுக்கு நடந்து போறாங்க.

எனக்குக் காதுல ஙொய்ங்குது. புள்ள வழியிலயே போயிடும்னு சொல்றாங்க. நான் வாயத் தொறக்காத ஒரு விஷயம் தெரியாமலே சொல்றாங்க. அதச் சொன்னா புள்ள பொழைக்குமா சாவுமான்னுகூட எனக்குத் தெரியாது. செருப்பக்கூட போடாம ஓடிப் போய் அவங்க முன்னால நின்னுட்டேன்.

"மேடம், நான் பொய் சொல்லிட்டேன்."

"என்ன?"

"வாழைத்தண்டுச் சாறு குடுத்தேன் மேடம். காலைல ஒரு சங்கு, சாயந்தரம் ஒரு சங்கு. அஞ்சு நாளா."

தாழ்வாரத்துல ஒக்காந்திருந்த அத்தினி பேரும் திரும்பிப் பாத்தாங்க. டாக்டரம்மா கண்ண மூடித் தொறந்தாங்க. "இன்னிக்குக் காலைலயும் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"அதுல இருக்கறதே பொட்டாசியம்தாம்மா. நல்ல கிட்னின்னா வெளிய தள்ளிடும். இவனால தள்ள முடியாது, அப்டியே உள்ள ஏறும். சரி, ஒரு நாளைக்கு ரெண்டு சங்கு. பெரிய சங்கா, சின்னதா?"

அப்போ எனக்குப் பின்னாலருந்து மூர்த்தி கொரலு. "ரெண்டு இல்ல மேடம். நாலு."

நான் திரும்பிப் பாத்தேன்.

"வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு குடுப்பேன், இவ தூங்கிகினு இருப்பா. வந்து ஒண்ணு, இவ குளிக்கப் போறப்போ. சீக்கிரமா சரியாவட்டுமேன்னு... இவளுக்குத் தெரியாது."

"இன்னிக்கு?"

"காலைல நானும் ஒண்ணு குடுத்துட்டுத்தான் போனேன் மேடம்."

யோவ், பாவி மனுஷான்னு கத்தணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எந்த மூஞ்சிய வெச்சுகினு கத்துவேன்? விஜயாக்கா எங்க ரெண்டு பேரையும் தள்ளிகினு முன்னால வந்தாங்க. "நாந்தான் மேடம் சொன்னேன். திட்டறதுன்னா என்னத் திட்டுங்க. இதுங்க ரெண்டும் ஒண்ணும் தெரியாததுங்க."

"திட்ட எனக்கு நேரமில்லம்மா"ன்னு டாக்டரம்மா திரும்ப உள்ள ஓடினாங்க. ஏறியிருக்கறதுல ஒரு பங்கு வெளியலருந்து போனதுன்னா, மருந்துக்கு அது எறங்க வாய்ப்பு கீது, கிட்னிய இப்பவே கை கழுவ வேணாம், ரெண்டு மணி நேரம் பாத்துட்டு மறுபடி ரத்தம் எடுப்போம்னு சொன்னாங்க. ஆம்புலன்ஸ் வாசல்ல தயாராவே நிக்கட்டும்னு அதையும் சொல்லிட்டுப் போனாங்க.

அந்த ரெண்டு மணி நேரத்த எப்டி எழுதறதுன்னு தெரியல. சிஸ்டர் மூர்த்தி கையில ஒரு நோட்டக் குடுத்து, பையில எவ்ளோ யூரின் ஏறுதுன்னு அப்பப்போ பாத்து எழுதச் சொன்னாங்க. அடைப்பு தொறந்ததும் கிட்னி கண்ணு மண்ணு தெரியாம தண்ணிய வெளிய தள்ளுமாம், போன அளவுக்கு உள்ள ஏத்தலன்னா அதுவே ஆபத்தாம். அந்தாளு குனிஞ்சு, கண்ண இடுக்கிகினு பை மேல கீற அளவுக் கோட்டப் பாத்து எழுதினாரு. நம்பர் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிகினு கெடந்துச்சு. நான் அவரு பக்கம் பாக்கல, ஆம்புலன்ஸ் பக்கமும் பாக்கல. திரையில ஓடற கோட்டையே பாத்தேன். எது நல்ல கோடு, எது கெட்ட கோடுன்னு தெரியாமலே பாத்தேன்.

ரிப்போர்ட்டு வந்துச்சு. பொட்டாசியம் எறங்கியிருந்துச்சு. முழுசா இல்ல, எறங்கியிருந்துச்சு. ஆம்புலன்ஸ் டிரைவர போவச் சொல்லிட்டாங்க. நான் தரையிலயே ஒக்காந்துட்டேன். கிரியேட்டினின் மட்டும் அசையல.

அதுக்கப்புறம் பத்தொம்போது நாள் அங்கயே குடியிருந்தோம். தெனம் காலைல புள்ளையோட குதிகால்லயோ கையிலயோ ரத்தம் எடுப்பாங்க. நரம்பு கெடைக்காம நாலு எடத்துல குத்துவாங்க, நான் வெளிய போய் நின்னுக்குவேன். அஞ்சாம் நாளு டியூப் வழியா மருந்து ஏத்தி, அவன் மூத்திரம் போறப்பவே எக்ஸ்ரே எடுத்தாங்க. படத்துல மூத்திரப் பை சொரசொரன்னு பெருசா, வழி மேல பாதி உப்பலா, கீழ நூலு மாதிரி. அந்த நூலு ஆரம்பிக்கற எடத்துலதான் அந்தச் சவ்வு. கிருமி அடங்கி ரத்தம் ஒரு நெலைக்கு வந்தப்புறம், அதே வழியா சின்னக் கேமரா வுட்டு அத எரிச்சுடுவாங்களாம், வெளிய ஒரு தையலும் வராதாம்.

முப்பதாம் நாளு வார்டுலயேதான் வந்துச்சு. ஐயரும் இல்ல, தொட்டிலும் இல்ல. விஜயாக்கா அன்னிக்கு ரயில்ல வர்றப்போ ஒரு புது சட்ட வாங்கினு வந்தாங்க. ஒயருங்களுக்கு நடுவுல சட்ட போட முடியல, மேல போத்தி வெச்சு, காதுல மூணு தடவ கதிர்வேலு, கதிர்வேலு, கதிர்வேலுன்னாங்க. சிஸ்டருங்க கை தட்டுனாங்க. அக்கா தெனம் மதுராந்தகத்துலருந்து இட்லி கட்டினு வருவாங்க, என் துணியத் தொவைப்பாங்க, சாயந்தரம் திரும்பிப் போவாங்க. ஒரே ஒரு தடவ கேட்டாங்க. "எம் மேல கோவமா ரேவதி?"

"ஆமா."

"சரி"ன்னுட்டு என் பொடவையத் தூக்கினு தொவைக்கப் போயிட்டாங்க. அழுவல, கோவிச்சுக்கல. மறுநாளும் இட்லி வந்துச்சு. கோவத்தையும் வெச்சுகினு அந்த இட்லியையும் தின்னேன்.

ஆபரேஷன் அன்னிக்கு காலைலருந்து பால் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. புள்ள என் வாசனை பட்டாலே வாய வாயத் தொறந்து தேடறான். பால் கட்டி, ஜாக்கெட் நனைஞ்சு, நான் மூஞ்சத் திருப்பிகினு நிக்கறேன். உள்ள தூக்கினு போனப்போ அவன் அழுத அழுவ கதவு சாத்துனப்புறமும் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல. கேக்காததுதான் இன்னும் பயம்.

வெளிய வந்த டாக்டரம்மா, சவ்வ எடுத்தாச்சு, வழி தொறந்துடுச்சுன்னாங்க. எல்லாரும் கையெடுத்துக் கும்புட்டோம். மத்தவங்க நகந்தப்புறம் நான் அவங்களத் தனியா புடிச்சுகினேன்.

"மேடம், உள்ளதச் சொல்லுங்க. நாங்க குடுத்த சாறுனாலதான் கிட்னி கெட்டுச்சா?"

"சாறுனால அன்னிக்கு அவன் உசுரு போயிருக்கலாம். ஆனா கிட்னி கெட்டது அதனால இல்லம்மா, அடைப்பால. அது வயித்துலயே வந்தது, உங்க தப்பு இல்ல." மாஸ்க்கக் கழட்டுனாங்க. "ஆனா அந்த ஏழாம் நாள் ஸ்கேனுக்கு வந்திருந்தீங்கன்னா..."

"சொல்லுங்க மேடம்."

"வந்திருந்தா இன்னும் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம்."

பொய் சொல்லித் தேத்தியிருக்கலாம், சொல்லல. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவங்க மேல எனக்குக் கோவமும் கீது, மரியாதையும் கீது.

இப்போ கதிருக்குப் பதினோரு மாசம். வலது கிட்னி ரொம்ப வேலை செய்யாது. இடதுதான் அவன இழுத்துகினு ஓடுது. கிரியேட்டினின் எறங்கி ஒரு எடத்துல நின்னுச்சு, அதுக்குக் கீழ வரல. ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி கிருமி வராம இருக்க ஒரு சொட்டு மருந்து. மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஸ்கேனு, ரத்தம், ப்ரெஷரு. "எது வரைக்கும் மேடம்?"னு மூர்த்தி கேட்டாரு. "மீசை மொளைச்சு, அவனே தனியா வந்து காட்டற வரைக்கும்"னாங்க. காய்ச்சல் வந்தா மட்டும் ஒரு நாள்கூட வூட்ல வெச்சுக்கக் கூடாது, அன்னிக்கே யூரின் பாக்கணும். மறுபடி மறுபடி கிருமி ஏறுனா அந்த ஒரு கிட்னியும் தாங்காதாம்.

இந்தக் கடைசிப் பக்கத்த மட்டும் ஆஸ்பத்திரி பெஞ்சுல ஒக்காந்து எழுதறேன். இன்னிக்குக் காலைல தூக்கறப்போ ஒடம்பு சுட்டுச்சு. விஜயாக்காவுக்கு போன் போட்டேன், யோசனை கேக்க இல்ல, சொல்லிட்டுப் போவ. "பல்லு மொளைக்கற சூடா இருக்கும்டி"ன்னாங்க. இருக்கும். மொதல் பஸ்ஸ புடிச்சு வந்துட்டேன். மூர்த்தி வேலையப் பாதியில போட்டுட்டு வந்துகினு கீறாரு.

நம்ம டாக்டரம்மா இன்னிக்கு லீவு. புதுசா ஒரு டாக்டரு, சின்னப் பையன் மாதிரி கீறாரு. தொட்டுப் பாத்துட்டு, "லேசான காய்ச்சல்தாம்மா, எதுக்கு இவ்ளோ பயப்படறீங்க?"ன்னாரு.

"போன தடவையும் பயந்தேன் சார்"னேன். "பயந்துகினு வூட்லயே ஒக்காந்துட்டேன்."

அவரு ஃபைல மொதப் பக்கத்துலருந்து திருப்பிப் படிச்சாரு, யூரின் டெஸ்டுக்கு சீட்டு எழுதிக் குடுத்தாரு. ரிப்போர்ட்டு ஒரு மணிக்கு வரும். மணி இப்போ பதினொண்ணே கால். புள்ள என் மடியில தூங்கறான். ஒடம்பு இன்னும் சுடுது.